மின்னி மறையும் விளக்குகள்: ஒரு வீதிமொழியின் வரலாறு

வீதியில் எதிரெதிரே வரும் இரண்டு சாரதிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியாது. கண்ணாடிகள் மூடியிருக்கின்றன, வேகம் இடம்தராது, இரவென்றால் முகமும் தெரியாது. ஆயினும் அவர்கள் பேசியே ஆகவேண்டும். நான் திரும்பப் போகிறேன், நீ முதலில் போ, நில், விலகு, முன்னால் ஆபத்து இருக்கிறது என்று நாளொன்றுக்கு நூறு செய்திகளைப் பரிமாறியாக வேண்டும். இந்தப் பேச்சுக்கு மனிதர் கண்டுபிடித்த மொழிதான் மின்னி மறையும் விளக்கு. மற்றெல்லா மொழிகளையும் போல இதற்கும் ஒரு வரலாறு உண்டு. இலக்கணமும் உண்டு. பிரதேச வழக்குகளும் உண்டு. ஒரு ஊர் வழக்கை இன்னொரு ஊரில் பேசினால் மற்ற மொழிகளிலே சிரிப்பு வரும். இந்த மொழியிலே உயிர் போகும்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இலண்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாகனம் ஓட்டிப் பழகிய எனது உறவினர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்திருந்தார். வாடகைக்கு எடுத்த வானை அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். கொடிகாமத்துக்கு அண்மையில் வலப்புறமாக ஓர் ஒழுங்கைக்குள் திரும்பவேண்டியிருந்தது. எதிரே ஒரு தனியார் பஸ் வந்துகொண்டிருந்தது. அதன் முன்விளக்குகள் இரண்டு முறை மின்னின. உறவினர் நன்றி சொல்வதுபோலக் கையை உயர்த்திவிட்டு வலப்புறம் திரும்பினார். பஸ் சாரதி எப்படித் தடுப்பானை மிதித்தார், எப்படி நாங்கள் தப்பினோம் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. இரு பகுதியாரும் இறங்கி வாய்த்தர்க்கப்பட்டார்கள். "நான் லைற் அடிச்சனான்தானே!" என்றார் பஸ் சாரதி. "நீர் லைற் அடிச்சனீர்தானே!" என்றார் உறவினர். இருவரும் ஒரே விடயத்தையே தமது நியாயமாகச் சொன்னார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை.

இலண்டன் வீதிகளில் எதிரே வருபவர் முன்விளக்கை மின்னவிட்டால், பெரும்பாலும் அதற்கு 'நீங்கள் போங்கள், நான் பொறுக்கிறேன்' என்று பொருள். இலங்கையிலும் இந்தியாவிலும் அதே மின்னலுக்கு 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். ஒன்று அழைப்பு, மற்றது எச்சரிக்கை. இரண்டுக்கும் விளக்கு ஒன்றுதான். பிரித்தானியாவில் 1931ஆம் ஆண்டு முதல் வெளிவரும் வீதி ஒழுங்குக் கைநூல் இந்த விடயத்தில் அந்நாட்டுச் சாரதிகளின் வழக்கத்தை ஏற்பதில்லை என்பது சுவையான சங்கதி. முன்விளக்கை மின்னவிடுவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவிப்பதற்கு மட்டுமே என்றும், மற்றவர் மின்னியதை வழிவிடும் சைகையாக ஒருபோதும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அந்நூல் சொல்கிறது. சட்டத்தின் ஏட்டுப் பொருளைக் கொண்டு பார்த்தால் எங்கள் பஸ் சாரதியே பிரித்தானிய விதிக்குக் கிட்டவாக நின்றார். ஆனால், வீதியில் ஏட்டுக்கு மேலாக வழக்கே ஆட்சி செய்கிறது.

இந்த மொழி எங்கிருந்து வந்தது என்று தேடினால், அதன் தாய்வீடு வீதியல்ல, கடல் என்று தெரியவருகிறது.

பழைய வெளிச்சவீடுகளில் விளக்கு நிலையாக எரிந்தது. தூரத்தில் வரும் மாலுமிக்கு ஒரு வெளிச்சம் தெரியும்; அது வெளிச்சவீடா, கரையில் எரியும் நெருப்பா, இன்னொரு கப்பலின் விளக்கா என்று தெரியாது. வெளிச்சவீடுதான் என்று அறிந்தாலும் எந்த வெளிச்சவீடு என்று தெரியாது. சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் நோர்பெரி என்பவர் 1781ஆம் ஆண்டில் கார்ல்ஸ்டன் கோட்டையின் விளக்கைச் சுழலச் செய்தார். 1811ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் பெல் ரொக் பாறையில் ரொபட் ஸ்டீவன்சன் கட்டிய வெளிச்சவீடு சிவப்பும் வெள்ளையும் மாறிமாறித் தெரியும்படி அமைந்தது. 1823ஆம் ஆண்டில் பிரான்ஸின் கோர்டுவான் வெளிச்சவீட்டில் ஒகஸ்தீன் பிரெனலின் வில்லைகள் பொருத்தப்பட்டபின் சுழலும் ஒளிக்கற்றை வெகுதூரம் சென்றது. கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் கொண்டாடும் சார்ள்ஸ் பாபேஜ், 1851ஆம் ஆண்டில், ஒவ்வொரு வெளிச்சவீடும் தனக்கென ஓர் எண்ணிக்கைப்படி ஒளியை மறைத்து மறைத்துக் காட்டவேண்டும் என்று எழுதினார். ஒளி தன் பெயரைத் தானே சொல்லவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். பின்னர் நடந்ததும் அதுதான். இன்று எந்தக் கடலில் எந்த ஒளி எத்தனை விநாடிக்கு எத்தனை தடவை மின்னும் என்பதை மாலுமிகள் அட்டவணையில் பார்த்து அறிந்துகொள்கிறார்கள்.

மின்னுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அது சிக்கனம். சுவீடனின் குஸ்தாவ் டலேன் அசெற்றிலின் வாயுவைச் சிறிது சிறிதாக விட்டு மின்னச் செய்யும் கருவியையும், சூரியன் உதித்ததும் விளக்கைத் தானாக அணைக்கும் அடைப்பையும் உருவாக்கினார். பத்தில் ஒரு பங்கு நேரமே எரியும் விளக்கு, பத்தில் ஒரு பங்கு வாயுவையே செலவழித்தது. ஆளில்லாத பாறைகளிலும் மிதவைகளிலும் மாதக்கணக்கில் விளக்கு எரிய அது வழிசெய்தது. 1912ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஒரு பரிசோதனையின்போது நேர்ந்த வெடிப்பில் அவர் கண்பார்வையை இழந்தார். கடலில் செல்வோருக்கு வழிகாட்டும் ஒளியைத் தந்தவர், எஞ்சிய 25 ஆண்டுகளை இருளிலே கழித்தார்.

கடலுக்கு அடுத்து இந்த மொழியைக் கற்றது ரயில். தொடக்ககால ரயில்பாதைகளில் சிவப்பு ஆபத்தைக் குறித்தது. பச்சை அவதானத்தைக் குறித்தது. வெள்ளையே 'பாதை சரி, போகலாம்' என்பதைக் குறித்தது. இதிலே ஒரு பொறி இருந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளேயிருக்கும் விளக்கு வெள்ளையாகத் தெரியும். தெருவிளக்கையும் நட்சத்திரத்தையும்கூட 'போகலாம்' என்று கொள்ள இடமிருந்தது. அதனாலேயே வெள்ளை கைவிடப்பட்டுப் பச்சை அதன் இடத்துக்கு வந்தது. பழுதடைந்த சமிக்ஞை 'போ' என்று சொல்லிவிடக்கூடாது என்ற பாடம் அன்று உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம்.

வீதிக்கும் முதலில் வழிகாட்டியவர் ஒரு ரயில் பொறியியலாளர்தான். 1868ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஜே. பி. நைற் என்பவருடைய வீதிச் சமிக்ஞை நிறுவப்பட்டது. பகலில் கைகள் உயர்ந்து தாழும். இரவில் வாயுவில் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள் தெரியும். ஒரு பொலிஸ்காரர் அதைக் கையால் இயக்கினார். 1869 ஜனவரியில் வாயு கசிந்து வெடித்ததில் அவர் படுகாயமடைந்தார். அந்த முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. மின்சாரம் வரும்வரை வீதிச் சந்திகள் மனிதக் கைகளையே நம்பியிருந்தன.

மனிதக் கை என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாம் இன்று வீதியில் காணும் மின்னல்களில் பல, ஒருகாலத்தில் ஒரு மனிதன் கையால் செய்த சைகைகளே. அமெரிக்காவில் ரயில் கடவைகளில் இரவுக் காவலாளி சிவப்பு இலாம்பைக் கையில் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டி வண்டிகளை நிறுத்துவார். 1909ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில், அந்தக் கையசைவைப் போலவே ஒரு சிவப்பு விளக்கை ஊசல்போல ஆட்டும் பொறி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆட்டத்தையும் விட்டுவிட்டு, பக்கம் பக்கமாக இரண்டு சிவப்பு விளக்குகளை வைத்து மாறிமாறி எரியவிட்டார்கள். ஒன்று அணைய மற்றது எரியும்போது, கண்ணுக்கு ஒரே விளக்கு அங்குமிங்கும் ஆடுவதுபோலத் தோன்றும். இன்று உலகின் பல ரயில் கடவைகளில் மாறிமாறி மின்னும் அந்தச் சோடி விளக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் குளிரில் நின்று இலாம்பு ஆட்டிய ஒரு காவலாளியின் கை.

மோட்டார் வாகனத்தின் கதையும் இதேதான். தொடக்கத்தில் சாரதி யன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். எங்கள் தலைமுறையினர் சாரதி அனுமதிப்பத்திரத்துக்காகக் கைச்சைகைகளை மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். பிறகு கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீண்டது. யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றாலே ஏ போர்ட்டிதான் என்றிருந்த காலத்தை அறிந்தவர்கள், அந்த ஒஸ்ரின் காரின் பக்கவாட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தபடி 'டக்' என்று எழும் அந்தச் சிறு கையை மறந்திருக்கமாட்டார்கள். சில வேளைகளில் அது எழாது. சாரதி உள்ளேயிருந்து தூணில் ஒரு குத்துவிட்டால் எழும். மொறிஸ் மைனர் காரில் 1961ஆம் ஆண்டுவரை இந்தக் கைதான் இருந்தது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலேயே பின்புறத்தில் மின்னும் விளக்கைத் தந்துவிட்டது. மெல்ல மெல்ல உலகமெங்கும் கை மறைந்து மின்னல் வந்தது.

ஏன் மின்னவேண்டும்? நிலையாக எரிந்தால் போதாதா? போதாது. எமது கண்ணின் ஓரப்பகுதி உருவங்களைத் தெளிவாகக் காணாது. மாற்றத்தை மட்டும் உடனே காணும். காட்டில் புதர் அசைந்தால் திரும்பிப் பார்த்தவனே பிழைத்தான். நிலையாக எரியும் விளக்கு நூறு விளக்குகளில் ஒன்றாகிவிடும். மின்னும் விளக்கு ஓர் அசைவாகும். ஆனால், எவ்வளவு வேகமாக மின்னவேண்டும் என்பதற்கும் எல்லை உண்டு. மிக மெதுவாக மின்னினால் பார்க்கும் கணத்தில் விளக்கு அணைந்திருக்கக்கூடும். மிக வேகமாக மின்னினால் நிலையாக எரிவதுபோலத் தோன்றிவிடும். நிமிடத்துக்கு 60க்கும் 120க்கும் இடையில் மின்னவேண்டும் என்பதே வாகனத் திரும்பல் விளக்குகளுக்கான சர்வதேச நியமம். அந்த 'டிக் டிக்' ஓசைகூட ஒரு பழைய பொறியின் எச்சம். உள்ளே இருந்த உலோகத் தகடு சூடேறி வளைந்தும் ஆறி நிமிர்ந்தும் மின்னோட்டத்தைத் துண்டித்து இணைத்தபோது எழுந்த ஓசை அது. இன்றைய வாகனங்களில் தகடும் இல்லை, வளைவும் இல்லை. ஆனால் சாரதிகளின் பழக்கத்துக்காக ஓசையைச் செயற்கையாக எழுப்புகிறார்கள்.

இனி நிறங்களுக்கு வருவோம். பிரதேச வழக்குகள் மிகுந்த பகுதி இதுதான்.

அவசர வாகனங்களின் நீல விளக்கு ஜேர்மனியில் 1938ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. போர் நெருங்கிய காலம் அது. நீல ஒளி காற்றில் எளிதில் சிதறுவதால், வானத்தில் உயரப் பறக்கும் விமானியின் கண்ணுக்கு எட்டாது, ஆனால் வீதியில் நிற்பவருக்குத் தெரியும் என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். குண்டுவீச்சுக்கு அஞ்சித் தெரிந்தெடுத்த நிறம், பின்னர் ஐரோப்பா முழுவதற்கும், அங்கிருந்து உலகின் பல பகுதிகளுக்கும் உதவியின் நிறமாயிற்று. யப்பானிய பொலிஸாருக்கோ சிவப்பு. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நியூயோர்க் மாநிலத்தில் தன் சொந்தக் காரில் நீல விளக்கை மின்னவிட்டுப் போகிறவர் தொண்டர் தீயணைப்பு வீரராக இருக்கலாம். பச்சை மின்னினால் தொண்டர் அம்புலன்ஸ் பணியாளர். கனடாவின் ஒன்ராறியோவில் தொண்டர் தீயணைப்பு வீரருக்குப் பச்சை. பிரித்தானியாவிலோ பச்சை மின்னினால் அவசர அழைப்புக்கு விரையும் மருத்துவர்.

ஒரே நாட்டுக்குள்ளேயே பொருள் எதிராக மாறும் விந்தையும் உண்டு. எங்கள் மக்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில், சந்தியில் பச்சை விளக்கு மின்னினால் எதிர்ப்பக்க வாகனங்கள் சிவப்பில் நிற்கின்றன, நீங்கள் தாராளமாக இடப்புறம் திரும்பலாம் என்று அர்த்தம். அதே கனடாவின் மேற்குக்கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், பச்சை மின்னினால் அது பாதசாரிகள் அழுத்தி இயக்கும் சமிக்ஞை என்று அர்த்தம். அங்கே எதிர்ப்பக்க வாகனங்களுக்கும் பச்சைதான் மின்னிக்கொண்டிருக்கும். ரொறன்ரோவில் பழகியவர் வன்கூவரில் அதை நம்பி இடப்புறம் திரும்பினால், கொடிகாமத்தில் எனது உறவினருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும். ஒஸ்ரியாவில் பச்சை நான்கு முறை மின்னினால், நேரம் முடிகிறது, மஞ்சள் வரப்போகிறது என்று பொருள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலக நாடுகள் முயலாமல் இருக்கவில்லை. 1968ஆம் ஆண்டு நவம்பரில் வியன்னாவில் கையெழுத்தான வீதிக் குறியீடுகள், சமிக்ஞைகள் பற்றிய உடன்படிக்கை மின்னும் விளக்குகளுக்கும் பொருள் வரையறுத்தது. செம்மஞ்சள் மின்னினால் போகலாம், ஆனால் மிக்க அவதானத்துடன் போகவேண்டும். சிவப்பு மின்னினால் நிற்கவேண்டும். அந்த மின்னும் சிவப்பை எங்கே வைக்கலாம் என்றும் அது பட்டியலிட்டது. ரயில் கடவை, திறந்து மூடும் பாலம், படகுத்துறை, தீயணைப்பு வண்டிகள் வீதிக்கு ஏறும் இடம், விமானங்கள் தாழப் பறந்து வீதியைக் கடக்கும் இடம். இந்தப் பட்டியலில் உள்ள அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வருவது நிற்கமாட்டாதது. ரயிலோடும் விமானத்தோடும் யாரும் பேரம் பேச முடியாது.

மின்னலின் பொருள் ஊராரின் உடன்பாடு என்றால், மின்னும் உரிமை யாருக்கு என்பது அதிகாரத்தின் கேள்வியாகிறது. இதற்கு அயலிலேயே நல்ல உதாரணம் உண்டு. இந்தியாவில் காரின் கூரையில் சுழலும் சிவப்பு விளக்கு பல பத்தாண்டுகளாகப் பதவியின் அடையாளமாக இருந்தது. அமைச்சர்களுக்கு என்று தொடங்கியது அதிகாரிகளுக்கு வந்தது. பிறகு அவர்களது உறவினர்களுக்கும் வந்தது. 2013 டிசம்பரில் இந்திய உயர் நீதிமன்றம், அரசியலமைப்பு சார்ந்த உயர்பதவிகளில் இருப்போர் கடமையில் செல்லும்போது மட்டுமே சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒரு படி மேலே சென்று, மே 1ஆம் திகதி முதல் பிரதமர், குடியரசுத் தலைவர் உட்பட எவருக்கும் அந்த விளக்கு இல்லை என்று முடிவெடுத்தது. அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ் போன்ற அவசர சேவைகளுக்கு மட்டும் மின்னும் விளக்கு எஞ்சியது.

இலங்கையில் நாம் பிரமுகர்களின் வாகனத் தொடரணிகளை நன்கு அறிவோம். முன்னே மோட்டார் சைக்கிள்கள், பின்னே கறுப்பு வாகனங்கள், யன்னலுக்கு வெளியே நீளும் கை, எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் மின்னும். அதைப் பார்த்துப் பஸ் சாரதி கற்றுக்கொண்டார். அவரைப் பார்த்து முச்சக்கரவண்டிச் சாரதி கற்றுக்கொண்டார். பஸ்ஸின் நெற்றியில் நீலமும் பச்சையும் ஊதாவும் மின்னும் அலங்காரங்கள் பெருகின. 2025 ஜனவரியில் பொலிஸார் இத்தகைய மேலதிக விளக்குகளை அகற்றும் நடவடிக்கையில் இறங்கியபோது பஸ் உரிமையாளர்களிடமிருந்து எதிர்ப்பும் கிளம்பியது. பல ஆண்டுகள் கண்டும் காணாமல் விட்டதைத் திடீரென்று குற்றமாக்குகிறார்கள் என்ற அவர்களது வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால், இதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

இந்திய உதவியுடன் 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த 1990 அம்புலன்ஸ் சேவை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. அந்த அம்புலன்ஸின் கையில் இருப்பது ஒரேயொரு சொல்: அதன் மின்னும் விளக்கு. அதைக் கண்டதும் வீதி விலகவேண்டும். வீதியில் எல்லோரும் மின்னிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? நாணயத்தாளை அளவுக்கு மீறி அச்சடித்தால் அதன் பெறுமதி விழும் என்பதை 2022ஆம் ஆண்டில் இந்த நாட்டில் அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விளக்கின் பெறுமதியும் அவ்வாறே விழும். விழும்போது உள்ளே படுத்திருப்பவர் நோயாளி, பிரமுகர் அல்ல.

யுத்தகாலம் எங்கள் மக்களுக்கு விளக்குகளைப் பற்றி வேறொரு பாடத்தையும் கற்பித்தது. கொழும்பில் இரவில் சோதனைச்சாவடியை நெருங்கும்போது முன்விளக்கைத் தணித்து, வாகனத்தின் உள்விளக்கைப் போடவேண்டும். எங்களைப் பார், எங்கள் கைகளைப் பார், நாங்கள் சாதாரண மக்கள் என்பதே அந்த உள்விளக்கின் பொருள். எந்தக் கைநூலிலும் அது அச்சிடப்பட்டிருக்கவில்லை. ஆனால் அதை மறந்தவருக்கு என்ன நேரலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்திரிகை அலுவலகத்திலிருந்து பின்னிரவில் வீடு திரும்பிய எங்களுக்கு, கை தன்னையறியாமல் உள்விளக்கைத் தேடும் பழக்கம் சமாதானம் வந்த பிறகும் நீண்ட காலம் போகவில்லை. வடக்கிலோ ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டால் இருந்த ஒரு விளக்கையும் அணைத்துவிட்டு இருளில் ஊர்ந்தார்கள். தெற்கில் ஒளி பாதுகாப்பு. வடக்கில் இருள் பாதுகாப்பு. ஒரே நாட்டில், ஒரே இரவில்.

வீதி மக்கள் தமக்குள் உருவாக்கிக்கொண்ட வழக்குகளும் உண்டு. எதிரே வரும் வாகனம் காரணமின்றி இருமுறை மின்னினால் அடுத்த வளைவில் பொலிஸார் நிற்கிறார்கள் என்பது உலகெங்கும் சாரதிகளுக்குத் தெரியும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இப்படி மின்னியதற்காக ஒருவர் மீது தொடரப்பட்ட நடவடிக்கை, வழக்காகச் சமஷ்டி நீதிமன்றம்வரை சென்றது. முன்விளக்கை மின்னவிட்டு மற்றவர்களை வேகத்தைக் குறைக்கச் சொல்வதும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்ற அடிப்படையில், 2014ஆம் ஆண்டில் நீதிபதி அந்த நகராட்சிக்குத் தடையுத்தரவு பிறப்பித்தார். மின்னல் ஒரு பேச்சு என்பதை ஒரு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எங்கள் லொறிச் சாரதிகளுக்கும் தனி அகராதி உண்டு. இடப்புற விளக்கை மின்னவிட்டால், 'பாதை வெளியாக இருக்கிறது, முந்திப் போ' என்று பொருள். புதியவர் அதை 'லொறி இடப்புறம் திரும்புகிறது' என்று வாசிப்பார். சந்தியில் நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு 'நேரே போகிறேன்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதில் ஒரு விளக்குத்தான் தெரியும். அவர் அதைத் திரும்பலாகவே எடுத்துக்கொள்வார்.

இந்த மொழியை மறந்துவிட்டால் அல்லது கற்கவே வாய்ப்பில்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கின் ரயில்பாதையே சாட்சி. 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதையிருந்த இடத்தில் பற்றை முளைத்தது. மக்கள் அதன்மேல் ஒழுங்கைகள் அமைத்துக்கொண்டார்கள். 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். 24 ஆண்டுகள் கடந்திருந்தன. பிறந்து வளர்ந்து திருமணமும் செய்துவிட்ட ஒரு தலைமுறை, ரயில் கடவை என்ற ஒன்றையே தன் ஊரில் கண்டதில்லை. முன்னைய ரயிலைவிட வேகமான ரயில் புதிய பாதையில் வந்தது. பல கடவைகளில் வாயிற்கதவு இல்லை. சில இடங்களில் மணியும் மின்னும் விளக்கும் மட்டும் இருந்தன. சில இடங்களில் அதுவும் இல்லை. அடுத்தடுத்து விபத்துகள் நடந்தன. காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிச்சென்ற மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்தச் சோடிச் சிவப்பு, வீதியோரத்தில் மின்னும் பல விளக்குகளில் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

அறியாமையால் மட்டும் இது நடப்பதில்லை. தெற்கில் ரயில் இப்படி ஆண்டுக்கணக்கில் நின்றதில்லை. ஆயினும் 2005 ஏப்ரலில் பொல்கஹவெல பகுதியில், எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ரயிலை முந்திக் கடவையைக் கடக்க முயன்ற பஸ் மோதுண்டு ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அறிந்தும் மதிக்காமல் விடுவது, அறியாமல் இருப்பதைவிடக் கொடியது. சமிக்ஞை பலமுறை பழுதாகி வெறுமனே மின்னிக்கொண்டிருந்தால் மக்கள் அதை நம்பமாட்டார்கள் என்பதையும் அதிகாரிகள் மறந்துவிடுகிறார்கள். வராத ரயிலுக்காக மூன்று நாள் மின்னிய விளக்கை, நாலாம் நாள் ரயில் வரும்போது யாரும் பார்க்கமாட்டார்கள். பல கடவைகளில் பொலிஸ் திணைக்களத்தின் கீழ் மிகச் சொற்பமான கொடுப்பனவுக்குத் தற்காலிகக் காவலாளிகளை நிறுத்தியதும், அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போராடியதும் பத்திரிகைகளில் வந்த செய்திகளே. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் காவலாளியின் கையை விளக்கு பிரதிசெய்தது. இங்கே விளக்கு போதாத இடத்தில் மறுபடி ஒரு மனிதனின் கையையே நாடினோம். ஆனால், அந்தக் கைக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்க மனம் வரவில்லை.

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்து வாகனம் ஓட்டும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். இங்கே எதிரே வருபவர் விளக்கை மின்னவிட்டால், அவர் உங்களை அழைக்கவில்லை. தான் நிற்கப்போவதில்லை என்று சொல்கிறார். வாகனம் உண்மையாகவே நின்ற பிறகு திரும்புங்கள். இங்கிருந்து அங்கே செல்பவர்களும் பச்சை மின்னுகிறதே என்று நம்பிவிடாமல், அந்த மாகாணத்தில் அதற்கு என்ன பொருள் என்று முதலில் கேட்டறியுங்கள். ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பாதசாரிக் கடவையை எப்படிக் கடப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். மாறிமாறி மின்னும் இரண்டு சிவப்பு விளக்குகளுக்கு என்ன பொருள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பாடம் அது. தண்டவாளத்துக்கு அருகே வீடு இருக்கும் பிள்ளைக்கு வேறெந்தப் பாடத்தைவிடவும் அது முந்தித் தேவைப்படும்.